பேகனிசம்: யாரும் தொடங்காத மதத்துக்கு வந்த பெயர்

கேள்வி இதுதான்: பேகனிசம் என்றால் என்ன, அது எங்கே, எப்போது தோன்றியது, இந்து மதத்தையும் பேகன் மதம் என்கிறார்களே, அது சரியா?

நேரடியாகவே தொடங்குகிறேன். பழைய உலகத்தில் பேகனிசம் என்று ஒரு மதம் இருந்ததே இல்லை. ஜூபிடருக்குக் காளை பலியிட்ட ரோமானியர், ஏதென்ஸில் அத்தீனாவுக்குப் புதிதாக நெய்த ஆடை சாத்திய கிரேக்கர், நைல் கரையில் ஐசிஸை வணங்கிய எகிப்தியர் என யாரும் தங்களைப் பேகன் என்று சொல்லிக்கொண்டதில்லை. இவர்களுக்குப் பொதுவான வேதநூல் கிடையாது, நிறுவனர் கிடையாது, நாமெல்லாம் ஒரே கூட்டம் என்ற நினைப்பும் கிடையாது. இவர்களை ஒரே கூட்டமாகப் பார்த்தவர்கள் கிறிஸ்தவர்கள். தாங்களும் யூதர்களும் போக மீதமிருந்த அத்தனை பேருக்கும் கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அவர்கள் கொடுத்த பெயர்தான் பேகன்.

ஆகவே தோற்றம் எது என்று கேட்டால் இரண்டு பதில் சொல்ல வேண்டும். வழிபாடுகள் தோன்றிய காலத்தை யாராலும் குறிக்க முடியாது. பெயர் பிறந்த காலத்தை ஓரளவு துல்லியமாகச் சொல்லலாம். நான் இங்கே அதிகம் சொல்லப்போவது இந்த இரண்டாவதைப் பற்றித்தான். ஏனென்றால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட பிறகுதான், தலைமுறை தலைமுறையாக வீட்டிலும் வயலிலும் செய்துவந்த சாதாரணக் காரியங்கள் தண்டனைக்குரிய குற்றங்கள் ஆயின.

பெயரைப் பற்றிக் கொஞ்சம். லத்தீனில் பாகுஸ் என்றால் நாட்டுப்புற வட்டாரம். பாகானுஸ் என்றால் அந்த வட்டாரத்துக்காரர், கிராமத்து ஆள். ரோமப் படைவீரர்கள் இதே சொல்லைப் படையில் சேராத சாதாரணக் குடிமகனைக் குறிக்கவும் பயன்படுத்தினார்கள். இது எப்படி மதச் சொல் ஆனது? நகரங்கள் முதலில் கிறிஸ்தவத்துக்கு மாறின, கிராமங்கள் பழைய தெய்வங்களை விடவில்லை, அதனால் கிராமத்தான் என்பதே பழைய மதத்தவன் என்று ஆகிவிட்டது என்பது ஒரு விளக்கம். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரோசியுஸ் என்ற பாதிரியாரே இப்படித்தான் எழுதினார். கிறிஸ்துவின் படைவீரர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள், அந்தப் படையில் சேராதவர்களை இப்படி அழைத்தார்கள் என்பது இன்னொன்று. வெறுமனே ‘நம் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்’ என்ற பொருள்தான் அடிப்படை என்பது மூன்றாவது.

முதல் விளக்கம்தான் எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பழைய வழிபாட்டைக் கடைசிவரை கைவிடாதவர்களில் ரோம் நகரத்தின் செனட்டர் குடும்பங்களும் ஏதென்ஸின் தத்துவ ஆசிரியர்களும் இருந்தார்கள். பேரரசிலேயே நன்றாகப் படித்தவர்கள் அவர்கள். 370இல் வெளியான ஒரு பேரரசுச் சட்டத்திலேயே இந்தச் சொல் மதப் பொருளில் வந்துவிட்டது. அப்போது செனட்டில் பழைய மதத்தவர் ஏராளம். ‘வெளியாள்’ என்ற பொருளே கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. கிரேக்கம் பேசிய கிழக்குப் பகுதியில் பேகன் என்ற சொல்லே புழங்கவில்லை. அங்கே கிறிஸ்தவர்கள் ‘ஹெல்லீன்’ என்றார்கள், அதாவது கிரேக்கன். விளைவு என்ன தெரியுமா? கிறிஸ்தவர்களாகிவிட்ட கிரேக்கர்கள் பல நூற்றாண்டுகளுக்குத் தங்களைக் கிரேக்கர் என்று சொல்லாமல் ‘ரோமானியர்’ என்று சொல்லிக்கொண்டார்கள்.

சரி, இந்த வெளியாட்கள் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பேகனிசம் என்றதும் இயற்கை வழிபாடு, பல தெய்வ வழிபாடு என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ரோமை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

வீட்டில்தான் எல்லாம் தொடங்கும். லாரெஸ் என்பவர்கள் வீட்டைக் காக்கும் தெய்வங்கள். பெனாட்டெஸ் சேமிப்பறையின் தெய்வங்கள். குடும்பத் தலைவரின் உயிராற்றலுக்கு ஜீனியுஸ் என்று பெயர், அதற்கும் வழிபாடு உண்டு. அடுப்பு வெஸ்டா என்ற தேவியுடையது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்தைத் தோண்டியபோது வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன வழிபாட்டு மாடங்கள் கிடைத்தன. சமையலறைச் சுவரிலேயே தெய்வங்களையும் பாம்புகளையும் வரைந்து வைத்திருந்தார்கள். வயலுக்குப் போனால் எல்லைக் கல்லே டெர்மினுஸ் என்ற தெய்வம். கோதுமையில் துரு நோய் வராமல் இருக்க ஏப்ரல் 25ஆம் தேதி ரோபிகுஸ் என்ற தெய்வத்துக்கு நாயைப் பலி கொடுத்தார்கள். ஒரு பயிர் நோய்க்கு ஒரு தெய்வம், அதற்கு நாள்காட்டியில் ஒரு நாள்.

ஊர் அளவில் பார்த்தால், பூசாரி என்பவர் துறவியோ குருவோ அல்ல. அரசியல்வாதிதான் பூசாரி. ஜூலியஸ் சீசர் கி.மு. 63இல் தலைமைப் பூசாரியாகத் தேர்தலில் வென்றார். சிசெரோ பறவைச் சகுனம் பார்க்கும் குழுவில் உறுப்பினர். நீ என்ன நம்புகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. செய்ய வேண்டியதைப் பிசகாமல் செய்தாயா என்பதுதான் கேள்வி. சடங்கின் நடுவில் ஒரு சொல் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். தெய்வங்களோடு ஊருக்கு இருக்கும் நல்லுறவு கெட்டால் போர் தோற்கும், பஞ்சம் வரும் என்று மனமார நம்பினார்கள்.

தனி மனிதர்களின் பக்தியும் இருந்தது, அதுதான் என்னை அதிகம் நெகிழவைப்பது. பேரரசு முழுக்க ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளின் கடைசியில் நான்கு லத்தீன் எழுத்துகள் வரும். அவை ஒரு வாக்கியத்தின் சுருக்கம்: வேண்டுதலை மனமுவந்து, தகுந்தபடி நிறைவேற்றினேன். நேர்த்திக்கடன் தீர்த்ததற்கான சாட்சி அது. பிரிட்டனில் பாத் என்ற ஊரின் வெந்நீர் ஊற்றில் சூலிஸ் என்ற உள்ளூர்த் தெய்வத்தை ரோமானியர் தங்கள் மினர்வாவோடு சேர்த்து ‘சூலிஸ் மினர்வா’ என்று வணங்கினார்கள். அந்த ஊற்றுக்குள் ஈயத் தகடுகளில் எழுதிப்போட்ட முறையீடுகள் நூற்றுக்கும் மேல் கிடைத்துள்ளன. பெரும்பாலும் திருட்டு வழக்குகள். டோசிமெடிஸ் என்பவர் தன் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டார், திருடியவனின் புத்தியும் கண்களும் போக வேண்டும் என்று கேட்கிறார்.

அன்னியானுஸ் என்பவரின் தகட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். தன் பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசு போய்விட்டது என்று முறையிடுகிறார். திருடியவர் ஆணோ பெண்ணோ, சிறுவனோ சிறுமியோ, அடிமையோ சுதந்திரமானவரோ என்று அடுக்குகிறார். அந்த அடுக்கின் முதல் இணை என்ன என்றால், ‘மற்ற மதத்தவரோ கிறிஸ்தவரோ’. கிறிஸ்தவர்கள் வகுத்த பிரிவு, ஊற்றுத் தெய்வத்திடம் முறையிட வந்த ஒருவரின் கைக்கே வந்துவிட்டது. ஆண், பெண் போல அதுவும் ஒரு பிரிவு. 4ஆம் நூற்றாண்டு வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது.

புதுத் தெய்வங்களைச் சேர்த்துக்கொள்வதில் ரோமானியருக்குத் தயக்கம் இல்லை. கொள்ளைநோய் வந்தபோது கிரேக்கத்திலிருந்து மருத்துவத் தெய்வம் அஸ்கிளேப்பியுஸைப் பாம்பு வடிவில் கொண்டுவந்து டைபர் ஆற்றுத் தீவில் வைத்தார்கள். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு போர் நடந்துகொண்டிருந்த கி.மு. 204இல் இன்றைய துருக்கிப் பக்கமிருந்து பெருந்தாய் கிபேலேயின் கருங்கல்லை வரவழைத்தார்கள். எதிரியின் நகரத்தை முற்றுகையிடும்போது, அந்த நகரத்தின் தெய்வத்தையே ‘எங்களிடம் வந்துவிடு, இதைவிடப் பெரிய கோயில் கட்டுகிறோம்’ என்று அழைக்கும் சடங்குகூட இருந்தது.

இதை வைத்துப் பேகன்கள் எல்லோரும் சகிப்புத்தன்மையின் வடிவம் என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். கி.மு. 186இல் மதுத் தெய்வம் பாக்குஸின் வழிபாட்டுக் குழுக்களை செனட் கடுமையாக ஒடுக்கியது. கி.பி. 250 வாக்கில் பேரரசர் டெசியுஸ் எல்லோரும் பலி கொடுத்ததற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சான்றிதழ்களில் சில எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தாள்களாக இன்றும் கிடைத்திருக்கின்றன. 303இல் பேரரசர் டயோக்ளீஷியன் தேவாலயங்களை இடிக்கவும் வேதநூல்களை எரிக்கவும் உத்தரவிட்டார். கிறிஸ்தவர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பேகன் என்றாலே பல தெய்வம் என்பதும் முழுச் சரியில்லை. பிளாட்டோ வழிவந்த கடைசிக்காலத் தத்துவவாதிகள் எல்லாவற்றுக்கும் மூலமான ‘ஒன்று’ பற்றித்தான் பேசினார்கள். அவர்களும் பேகன்களே.

313இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவர்களுக்கு முழு வழிபாட்டு உரிமை கொடுத்தார். அதிலிருந்து எண்பதே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 341இல் அவர் மகன் காலத்துச் சட்டம் ஒன்று பலிகளின் பைத்தியக்காரத்தனம் ஒழிய வேண்டும் என்றது. நடைமுறையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. அப்புறம் 361இல் கான்ஸ்டன்டைனின் தம்பி மகன் ஜூலியன் பேரரசர் ஆனார். கிறிஸ்தவராக வளர்க்கப்பட்டவர், பழைய தெய்வங்களிடம் திரும்பினார். கோயில்களைத் திறந்தார், பலிகளைத் தொடங்கினார், இலக்கியம் கற்பிக்கும் பணியிலிருந்து கிறிஸ்தவ ஆசிரியர்களை விலக்கினார்.

ஜூலியன் எழுதிய இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்கள், நாமோ சும்மா இருக்கிறோம் என்று வருத்தப்படுகிறார். ஊர்தோறும் சத்திரம் கட்டு, தானியம் பகிர்ந்துகொடு, பூசாரிகள் ஒழுக்கமாக இருக்கட்டும் என்று கட்டளையிடுகிறார். ஒரு திருச்சபைபோலத் தன் மதத்தை அமைக்கப் பார்த்தார். அதுவரை அப்படி ஓர் அமைப்பு இருந்ததில்லை, தேவையும் வந்ததில்லை. இரண்டாவது, அந்தியோக்கியா நகருக்கு வெளியே தாஃப்னியில் இருந்த அப்போலோ கோயில் திருவிழாவுக்கு அவர் போனது. பலிமாடுகள், நறும்புகை, வெள்ளாடை உடுத்திய இளைஞர்கள் என்று பெரிய கற்பனையோடு போயிருக்கிறார். அங்கே ஒரு பூசாரி, கையில் ஒரு வாத்து. அதுவும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தேன், ஊர் எதுவும் தரவில்லை என்கிறார் பூசாரி. இதை ஜூலியனே எழுதிவைத்திருக்கிறார். 363இல் பாரசீகப் போரில் அவர் இறந்ததும் முயற்சி முடிந்துபோயிற்று.

அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்த பெரிய வாதம் ரோமின் செனட் மண்டபத்தில் இருந்த வெற்றித் தேவியின் பலிபீடத்தைப் பற்றியது. 382இல் பேரரசர் கிராஷியன் அதை அகற்றினார், வெஸ்டாவின் கன்னிப் பூசாரிகளுக்கான மானியத்தையும் நிறுத்தினார். 384இல் நகர ஆளுநராக இருந்த சிம்மாக்குஸ் அதைத் திரும்ப வைக்கும்படி மனு எழுதினார். நாம் பார்ப்பது ஒரே நட்சத்திரங்களை, வானம் எல்லோருக்கும் பொது, ஒருவர் எந்த அறிவைக் கொண்டு உண்மையைத் தேடினால் என்ன, இவ்வளவு பெரிய மறைபொருளை ஒரே பாதையில் போய் அடைந்துவிட முடியாது என்பது அதன் சாரம். மிலான் ஆயர் அம்புரோஸ் மறுத்து எழுதினார்: நீங்கள் ஊகமாகத் தேடுவதை நாங்கள் கடவுளின் வாக்கால் அறிந்திருக்கிறோம். மனுவுக்கு இணங்கினால் தேவாலயத்துக்கு நீங்கள் வரலாம், ஆனால் அங்கே உங்களை வரவேற்க ஒரு குரு இருக்க மாட்டார் என்று பேரரசரை எச்சரிக்கவும் செய்தார். மனு தள்ளுபடியானது.

அதே ஆண்டு இறந்த செனட்டர் பிராயெடெக்ஸ்டாடுஸின் கல்லறைக் கல்வெட்டைப் படித்தால் அழிந்துபோனது எப்படிப்பட்ட உலகம் என்று தெரியும். வெஸ்டாவின் பூசாரி, சூரியனின் பூசாரி, சகுனம் பார்ப்பவர், கிரேக்கத்தின் எலூசிஸ் மறைச்சடங்கில் தீட்சை பெற்றவர் என்று அவர் வகித்த மதப் பொறுப்புகள் வரிசையாக வருகின்றன. ஒருவரே இத்தனையும் செய்தார், ஒன்றுக்கொன்று முரண் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் மனைவி பவுலினாவும் பல தீட்சைகள் பெற்றவர். கணவரை விளித்து எழுதிய கவிதையும் அந்தக் கல்லில் இருக்கிறது.

அந்தியோக்கியாவில் லிபானியுஸ் என்ற பேச்சுக்கலை ஆசிரியர், துறவிக் கூட்டங்கள் கிராமத்துக் கோயில்களை இடிப்பதை எதிர்த்துப் பேரரசர் தியோடோசியுஸுக்கு ஓர் உரை எழுதினார். கோயில்கள்தான் வயல்வெளிகளின் உயிர் என்கிறார் அதில். கணவன், மனைவி, பிள்ளை, உழவு மாடு, விதைத்த நிலம் என்று உழவர்களின் நம்பிக்கை முழுதும் அங்கேதான் இருக்கிறது, கோயில் போனால் உழைக்கும் ஆர்வமும் போய்விடும் என்கிறார். பலன் இல்லை. 391 வாக்கில் அலெக்சாந்திரியாவின் செராப்பிஸ் பெருங்கோயில் தரைமட்டமானது.

392 நவம்பர் 8 அன்று வந்த சட்டம்தான் இந்தக் கதையின் மையம். எந்தப் பதவியில் இருப்பவராக இருந்தாலும், எந்த ஊரிலும், உயிர்ப்பலி கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. வீட்டுக்குள் ரகசியமாகக்கூட லாரெஸுக்குத் தீ மூட்டக் கூடாது, ஜீனியுஸுக்கு மது ஊற்றக் கூடாது, பெனாட்டெஸுக்கு நறுமணம் காட்டக் கூடாது. விளக்கேற்றக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது, மாலை தொங்கவிடக் கூடாது. மரத்தில் நாடா கட்டியவரும், புல்கட்டிகளை அடுக்கிப் பீடம் எழுப்பியவரும் அந்த வீட்டையோ நிலத்தையோ இழப்பார்கள். பிறர் இடத்திலோ பொதுக் கோயிலிலோ பலி கொடுத்தால் 25 பவுண்டு தங்கம் அபராதம். விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, மரத்தில் துணி கட்டும் வழக்கத்துக்குள் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தச் சட்டத்தைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது. ஒரு பெரிய தத்துவத்தையோ எதிரிப் படையையோ அது தடைசெய்யவில்லை. சமையலறையின் மாடவிளக்கைத் தடைசெய்தது.

சட்டம் எழுதிய உடனே எல்லாம் நின்றுவிடவில்லை. 410இல் ரோம் நகரம் விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தவரிடம் விழுந்தபோது, பழைய தெய்வங்களைக் கைவிட்டதால் வந்த வினை என்று பலர் சொன்னார்கள். கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் அதற்குப் பதிலாகவே ‘கடவுளின் நகரம்’ என்ற பெரும் நூலை எழுதினார், அதன் முழுத் தலைப்பில் ‘பேகன்களுக்கு எதிராக’ என்றும் வரும். 529இல் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்ஸின் தத்துவப் போதனையை நிறுத்தினார். ஏழு தத்துவவாதிகள் பாரசீக மன்னரிடம் அடைக்கலம் போனார்கள். பின்னர் அவர்கள் தொல்லையின்றித் திரும்பி வாழ இரு பேரரசுகளின் சமாதான உடன்படிக்கையிலேயே ஒரு வரி சேர்க்கப்பட்டது.

ரோமப் பேரரசுக்கு வெளியே இன்னும் நீண்ட காலம் பிடித்தது. 601இல் போப் கிரிகோரி, இங்கிலாந்துக்குப் போன மெல்லிட்டுஸுக்கு எழுதிய கடிதத்தில் கோயில்களை இடிக்காதே, சிலைகளை மட்டும் அகற்று, புனித நீர் தெளித்துத் தேவாலயமாக மாற்று, மாடு அறுத்து விருந்துண்ணும் வழக்கத்தை அப்படியே கிறிஸ்தவத் திருநாளுக்கு நகர்த்து என்கிறார். இந்த மென்மையான வழி எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கப்படவில்லை. ஜெர்மனியில் போனிஃபேஸ் என்ற மிஷனரி இடித்தெய்வத்தின் ஓக் மரத்தை வெட்டி அந்த மரத்தாலேயே ஜெபக்கூடம் கட்டினார். பிராங்கு மன்னர் சார்லமேன் 772இல் சாக்சன்களின் புனிதத் தூணான இர்மின்சூலை அழித்தார், பிறகு ஞானஸ்நானம் மறுக்கும் சாக்சனுக்கு மரண தண்டனை என்று சட்டமே போட்டார். ஐஸ்லாந்தில் 1000 வாக்கில் பொதுச்சபை கூடி, உள்நாட்டுச் சண்டையைத் தவிர்க்க எல்லோரும் கிறிஸ்தவராவது என்று முடிவெடுத்தது. வீட்டுக்குள் மறைவாகப் பலி கொடுக்கலாம், குதிரை இறைச்சி சாப்பிடலாம் என்று முதலில் சலுகையும் கொடுத்தது. ஐரோப்பாவில் கடைசியாக மாறிய நாடு லித்துவேனியா. அதன் கோமகன் யோகைலா போலந்தின் முடிக்காக 1386இல் ஞானஸ்நானம் பெற்றார், அடுத்த ஆண்டு நாடு மாறியது. ரஷ்யாவில் வோல்கா ஆற்றுப் பக்கம் வாழும் மாரி மக்களில் ஒரு பகுதியினர் முழுமையாக மாறவே இல்லை. இன்றும் தங்கள் புனிதச் சோலைகளில் கூடி வழிபடுகிறார்கள்.

இங்கே ஒரு வருத்தமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். இந்த வழிபாடுகளைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவற்றைக் கடைப்பிடிக்காதவர்கள் எழுதியது. வட ஐரோப்பியத் தெய்வங்களான ஓடின், தோர் கதைகளை நாம் பெரும்பாலும் படிப்பது 1220 வாக்கில் எழுதிய ஐஸ்லாந்துக் கிறிஸ்தவர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் வழியாக. கெல்டிக் மக்களின் டுரூயிட் பூசாரிகள் தங்கள் கல்வியை எழுத்தில் வைப்பதைத் தகாது என்று கருதினார்கள், ஆகவே அவர்களைப் பற்றி அவர்களை வென்ற சீசர் போன்ற வெளியாட்கள் சொல்வதுதான் மிஞ்சுகிறது. அந்த வெற்றிடத்தில்தான் இணையம் முழுக்கப் பரவும் கட்டுக்கதைகள் முளைக்கின்றன. இங்கிலாந்தின் பழைய கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் டுரூயிட்கள் கட்டியது அல்ல, அதன் பெரிய கற்கள் நடப்பட்டதற்கும் டுரூயிட்கள் பற்றிய முதல் பதிவுகளுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுக்கும் மேல் இடைவெளி. கிறிஸ்துமஸ் மரம் பேகன் காலத்திலிருந்து தொடர்ந்து வரும் வழக்கம் என்பதற்கு ஆதாரம் இல்லை, அது 16ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜெர்மன் பகுதிகளில் தெரியவருகிறது. சூனியக்காரிகள் என்று 90 லட்சம் பேகன் பெண்கள் எரிக்கப்பட்டார்கள் என்பதும் தவறு. வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு 40,000 முதல் 60,000 பேர் வரை. அது கொடுமைதான், குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் கொல்லப்பட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் கிறிஸ்தவர்களாகவே வாழ்ந்தவர்கள்.

கப்பலேறிய ஐரோப்பியர்களோடு பேகன் என்ற முத்திரையும் உலகம் சுற்றியது. நம் கரைக்கும் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, இங்கே இருந்த வழிபாட்டைக் குறிக்க ‘அக்கியானம்’, அதாவது அறியாமை, என்ற சொல்லை எடுத்தார். அதை விட்டொழிக்கச் சொல்லும் அவருடைய தமிழ்ச் சிறுநூல் 1713இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதே மனிதர் அதே ஆண்டில் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை, கிராமத் தெய்வங்கள் உட்பட, பொறுமையாகக் கேட்டறிந்து ஜெர்மன் மொழியில் தொகுத்து ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கிருந்தவர்கள் அச்சிடவில்லை. 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வளவு விரிவாக எழுதியவர் அந்தத் தெய்வங்களை ஒழிக்க வந்தவர். ஸ்னோரி விஷயத்தில் பார்த்த அதே நிலைமைதான்.

இனி இன்றைய பேகன்கள். 20ஆம் நூற்றாண்டில் சிலர் அந்தப் பெயரைத் தங்களுக்கே சூட்டிக்கொண்டார்கள். அவர்களில் முக்கியமானவர் ஜெரால்டு கார்ட்னர், 1884இல் பிறந்த ஆங்கிலேயர். 1900இல் இலங்கைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார், பிறகு போர்னியோ, மலாயா. 1936இல் ஊர் திரும்பினார். 1939இல் தன்னை ஒரு ரகசியச் சூனியக்காரர் குழு சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார். 1951இல் பிரிட்டன் பழைய சூனியச் சட்டத்தை நீக்கியது, 1954இல் அவர் நூல் வெளியானது, அதிலிருந்து விக்கா என்ற மதம் வளர்ந்தது. இது கற்காலத்திலிருந்து மறைவாகத் தொடர்ந்து வந்த மதம் என்று ஆரம்பத்தில் நம்பினார்கள். வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன் உள்ளிட்டோர் ஆராய்ந்து, இது 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான புதிய மதம் என்று காட்டிவிட்டார்கள். இன்றைய பேகன்கள் கொண்டாடும் எட்டுத் திருநாள் ஆண்டுச் சக்கரமும் 1950களை ஒட்டி இப்போதைய வடிவத்துக்கு வந்ததுதான். விக்காவினரில் பலர் இதை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். அதை நான் மதிக்கிறேன். புதியது என்பதால் ஒரு மதம் பொய்யாகிவிடாது.

ஐஸ்லாந்தில் கதை வேறு மாதிரி. 1972இல் ஆட்டுப்பண்ணை விவசாயியும் கவிஞருமான ஸ்வைன்ப்யோர்ன் பெய்ன்டெயின்சன் தலைமையில் பழைய தெய்வங்களுக்கான சங்கம் தொடங்கியது, மறு ஆண்டே அரசு அங்கீகரித்தது. லித்துவேனியாவில் பழைய தெய்வங்களை வழிபடும் ரோமுவா அமைப்புக்கு நாடாளுமன்றம் அங்கீகாரம் மறுத்ததை 2021இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் உரிமை மீறல் என்றது. கிரேக்கத்தில் பன்னிரு ஒலிம்பியத் தெய்வங்களை வணங்குவோரின் அமைப்பு 2017இல் அரசு ஏற்பு பெற்றது. இந்தப் பழைய தெய்வங்களைத் தூய ரத்தம், இனப் பெருமை என்று பேசுவதற்குப் பயன்படுத்தும் குழுக்களும் ஐரோப்பாவில் உண்டு. நாஜிக் காலத்திலிருந்தே அந்த நோய் இருக்கிறது. ஐஸ்லாந்துச் சங்கம் அவர்களை வெளிப்படையாகவே எதிர்க்கிறது.

கடைசியாக, இந்து மதம் பேகன் மதமா? கிறிஸ்தவ மிஷனரியின் பழைய பொருளில் ஆம், ஏனென்றால் அந்தப் பொருளில் பௌத்தமும் சமணமும் கன்பூசியஸும்கூடப் பேகன்தான். அப்படிச் சொல்வதால் நம் வழிபாட்டைப் பற்றி எதுவும் தெரியவராது, சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பது மட்டும் தெரியும். இன்றைய பொருளில், பேகன் என்பது விரும்பி ஏற்கும் அடையாளம். இந்துக்களில் மிகப் பெரும்பாலோர் அதை ஏற்றதில்லை. ஆகவே அந்தப் பெயரை ஒட்டுவது தேவையற்றது.

இதன் மறுபக்கமாக இன்னொரு வாதமும் நம்மவர்களிடம் உலவுகிறது: உலகத்துப் பேகன் மதங்கள் எல்லாம் இந்து மதத்திலிருந்து கிளைத்தவை என்று. இதில் ஒரு துளி உண்மையைப் பெரிய கடலாக்கிவிடுகிறார்கள். வேதத்தின் த்யௌஸ் பிதா, கிரேக்கத்தின் சீயுஸ் பதேர், ரோமின் ஜூபிடர் ஆகிய பெயர்கள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை, அது உறுதியான மொழியியல் உண்மை. லித்துவேனியரின் வானத் தெய்வம் தியேவாஸும் அந்த உறவில் வரும். ஆனால் இவர்கள் அனைவரும் இவர்களுக்கு முந்தைய ஒரு மொழிக் குடும்பத்தின் வாரிசுகள். ஒருவர் மற்றவருக்குப் பிள்ளை அல்ல. எகிப்தின் ஐசிஸுக்கும் வோல்காக் கரையின் சோலைத் தெய்வங்களுக்கும் அந்த உறவும் இல்லை. நம் முருகனுக்கும் கொற்றவைக்கும்கூட அந்த வம்சாவளியில் இடம் தேட வேண்டியதில்லை, அவர்கள் வரலாறு இந்த மண்ணிலிருந்து தொடங்குகிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டில் இந்த வழிகளில் நடப்பவர் யாரையாவது சந்தித்தால் நீங்கள் பேகனா என்று கேட்காமல், உங்கள் மரபு எது என்று கேளுங்கள். ஐஸ்லாந்துக்காரர் ஆசாத்ரூ என்பார், லித்துவேனியர் ரோமுவா என்பார். ஏதென்ஸ்காரருக்குப் பேகன் என்ற சொல்லே பிடிக்காமல் இருக்கலாம். 4ஆம் நூற்றாண்டில் அவர் முன்னோரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.